எருவுக்கும் தவணை உண்டு

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதக் கடைசியில் ஒரு நாள், கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் கடன் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். வெளித் திண்ணையில் ஒருவர் நெடுநேரமாகக் காத்திருந்தார். இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் உடையவர். பருத்தி சாகுபடிக்காகச் சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர். அவர் கையில் வேரோடு பிடுங்கிய நாலைந்து பருத்திச் செடிகள் இருந்தன. அடியிலைகளெல்லாம் வெளிறி மஞ்சளாகியிருந்தன. செடிகளை மேசைமீது வைத்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க சார், குப்பை போட்டா யூரியாவே வேண்டாம்னு கூட்டத்துல நீங்கதானுங்களே சொன்னீங்க? ரெண்டு லோடு போடற எடத்துல நாலு லோடு போட்டேனுங்க. பயிர் இப்படி நிக்குதுங்களே?"

அவர் கூறியது உண்மை. அவ்வாண்டு வைகாசியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் கம்போஸ்ட் எருவின் பெருமையை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தவர் நாமேதாம். எருவில் எல்லாச் சத்தும் உண்டு என்றோம். மண் வளம் பெருகும் என்றோம். உரச் செலவு மிச்சம் என்றோம். எரு தன்னிடமுள்ள சத்தை எப்போது தரும், எவ்வளவு தரும் என்னும் இரண்டையும் மட்டும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நமக்கு அன்று தெரிந்திருக்கவுமில்லை. நமது அரைகுறை அறிவின் விளைவு அவருடைய பருத்தியில் மஞ்சள் நிறமாக எழுதப்பட்டிருந்தது. மகசூல் குறைந்தால் கடன் தவணை தவறும்; தவணை தவறினால் வட்டி ஏறும்; மறு சாகுபடிக்குக் கடன் கேட்டு வருவதும் கடினமாகும்.

அன்று விடை கூற இயலாமல் நின்ற அக்கேள்விக்குப் பின்னர் நாம் கற்றறிந்த விடையை அங்கத்தினர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எருவில் இருப்பது எது?

பயிர் தழைத்துப் பசுமையாக வளர்வதற்கு வேண்டியது நைட்ரஜன் எனப்படும் தழைச்சத்து. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு இச்சத்து உண்டு. ஈரமான மண்ணில் யூரியா சில நாட்களிலேயே அம்மோனியமாக மாறி வேருக்குக் கிடைத்துவிடும். நன்கு மட்கிய பண்ணை எருவிலோ நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரையில்தான் தழைச்சத்து இருக்கும். அளவில் இவ்வளவு வேற்றுமை இருப்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். அதனினும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. எருவிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புரதமாகவும், கரிய மட்குப் பொருளாகவும் பிணைந்து கிடக்கிறது. அந்நிலையில் பயிரின் வேர் அதைத் தொட இயலாது. நெல்லை அப்படியே உண்ண முடியாதது போலத்தான். குற்றிச் சமைத்துத் தருவார் வேண்டும்.

கூட்டுறவு மொழியில் கூறினால், யூரியா கையில் தரும் ரொக்கம். எருவோ சங்கத்தில் போட்ட நீண்ட கால வைப்பு. வைப்புச் சீட்டைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க முடியாது. அதனால் வைப்புக்கு மதிப்பில்லை என்றாகிவிடுமா? ஆகாது. எப்போது முதிரும் என்று அறிந்து செலவைத் திட்டமிட வேண்டும், அவ்வளவே.

மண்ணுக்குள் நடப்பது

இந்த வைப்பைச் சிறிது சிறிதாகச் சில்லறை மாற்றித் தருபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். ஒரு கிராம் நல்ல மண்ணில் இவை கோடிக்கணக்கில் உள்ளன. முதலில் பாக்டீரியாக்களும் பூசணங்களும் எருவிலுள்ள புரதத்தைச் சிறு துண்டுகளாகச் சிதைக்கின்றன. தம் தேவைக்கு மேற்பட்ட தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே விடுகின்றன. இந்தப் பாக்டீரியாக்களைத் தின்று வாழும் இன்னும் சற்றுப் பெரிய உயிர்களும் மண்ணில் உண்டு. அவையும் தாம் தின்றதில் மிஞ்சியதை அம்மோனியமாகவே கழிக்கின்றன. அடுத்து வேறொரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியம், நைட்ரேட் ஆகிய இவ்விரண்டையுமே வேர்கள் உறிஞ்சுகின்றன.

இது உயிர்களின் வேலையே என்பதை முதலில் மெய்ப்பித்தவர்கள் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர். 1877இல் அவர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லக் கசியவிட்டனர். முதலில் சில நாட்கள் யாதொரு மாற்றமும் இல்லை. ஏறத்தாழ இருபது நாட்களுக்குப் பின் கீழே வடிந்த நீரில் நைட்ரேட் தோன்றியது. குழாயினுள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றுபோயிற்று. ஆவி நீங்கிய பிறகும் அது திரும்பவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றிய பின்னரே வேலை மீண்டும் தொடங்கிற்று. இரசாயன மாற்றம் மட்டுமே நடந்திருப்பின் மயக்க மருந்து அதை நிறுத்தியிராது. உயிருள்ளவையே அதற்கு மயங்கும். 1890இல் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தும் காட்டினார்.

வேலை செய்பவை உயிர்களாதலின் அவற்றுக்கு வேண்டுவனவும் உயிர்களுக்கு வேண்டுவனவே: ஈரம், காற்று, மிதமான வெப்பம், உணவு. நிலம் காய்ந்து கிடந்தால் எரு எவ்வளவு சிறந்ததாயினும் சும்மா கிடக்கும். நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது நின்றுவிடும். முன்பே உண்டாயிருந்த நைட்ரேட்டும் வாயுவாகிப் பறந்துபோகும். மானாவாரி நிலத்தாருக்கு இங்கு ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் நன்கு காய்ந்த மண், முதல் மழையில் நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரெனக் கிளர்ந்து, சில நாட்களுக்குத் தழைச்சத்தை மிகுதியாக வெளியிடும். கென்யாவில் 1950களில் ஆராய்ந்த பர்ச் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. முதல் மழையோடு விதைத்தவரின் பயிர் கருகருவென வளர்வதற்கு இது ஒரு காரணம். விதைப்பைத் தள்ளிப்போட்டவருக்கு அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி அடுத்த மழையில் அடிமண்ணுக்கு இறங்கிவிடும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டையோ பிடித்து வைப்பாரில்லை. நீர் போகும் வழியே அதுவும் போகும்.

முதலில் கடன் வாங்கும் எரு

இனி, நமது அங்கத்தினரின் பருத்தி ஏன் மஞ்சளாயிற்று என்பதற்கு வருவோம். அவர் ஆனியில் குழி நிரப்பினார். கரும்புத் தோகை, பருத்தி மார், பக்கத்து நூற்பாலையிலிருந்து கிடைத்த கழிவுப் பஞ்சு, மேலே கொஞ்சம் சாணம். இரண்டு மாதங்கூட நிறையுமுன் ஆவணி முதல் வாரத்தில் குழியை வெட்டி நிலத்தில் கொட்டினார். மூன்றாம் நாள் விதைத்தார். நமது பேச்சை நம்பி, யூரியா அறவே போடவில்லை.

நாம் அழைத்துச் சென்ற வேளாண்மை அலுவலர் பாத்தியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். தோகைத் துண்டுகளும் பஞ்சுக் கட்டிகளும் அடையாளம் தெரியும்படி அப்படியே இருந்தன. அவற்றின்மேல் வெண்ணிறப் பூசண இழைகள் படர்ந்திருந்தன. "பெரியவரே, உங்கள் எரு இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பயிரின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறது" என்றார் அவர்.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். காய்ந்த வைக்கோல் 1,000 கிலோவில் கரிச்சத்து ஏறத்தாழ 400 கிலோ. தழைச்சத்து ஏறத்தாழ 6 கிலோ. நுண்ணுயிர்கள் கரிச்சத்தில் மூன்றில் இரு பங்கை எரித்துச் சக்தியாக்கிக்கொண்டு, ஒரு பங்கைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன என்று வைப்போம். அப்பங்கு சுமார் 133 கிலோ. அவற்றின் உடலில் எட்டுப் பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். ஆகவே அவற்றுக்குத் தேவை 16 கிலோவுக்கு மேல். வைக்கோலில் உள்ளதோ 6 கிலோ. குறையும் 10 கிலோவுக்கு அவை எங்கே போகும்? மண்ணிலுள்ள அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். வேரைக் காட்டிலும் நுண்ணுயிரின் கை விரைவானது. போட்டியில் பயிர் தோற்றுவிடும்.

கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள இந்த விகிதமே எருவின் குணத்தை நிர்ணயிக்கிறது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 20 பங்குக்குக் குறைவாயின், அப்பொருள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். 30 பங்குக்கு மேலாயின், முதலில் மண்ணிடமிருந்து வாங்கும். கடலைப் பிண்ணாக்கில் இது ஏழு, எட்டு என்னும் அளவில் இருப்பதால் சில வாரங்களிலேயே பலன் தெரிகிறது. நன்கு மட்கிய கம்போஸ்டில் 10 முதல் 20 வரை இருக்கும். வைக்கோலில் 60க்கு மேல். கரும்புத் தோகையில் அதனினும் அதிகம். பஞ்சோ பெரும்பாலும் நாரே ஆதலின் தழைச்சத்து அதில் மிக அற்பம்.

இதை நாம் பின்னொரு கூட்டத்தில் விளக்கியபோது, நெசவாளர் சங்கத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டார்: "பாவு மட்டும் நீளமா ஏத்திட்டு, ஊடை நூல் இல்லாம தறியில உக்காந்த மாதிரிங்க. பக்கத்துத் தறிக்காரங்கிட்டத்தான் போய் ஊடை கேக்கோணும்." நாம் கரும்பலகையில் எழுதிய கணக்கைவிட அவரது சொல்லே கூட்டத்தாருக்கு நன்றாக விளங்கிற்று. குழியில் காய்ந்த குப்பை பாவு. சாணம், மூத்திரம், பசுந்தழை ஆகியவை ஊடை.

வாங்கிய கடனை மண்ணுக்கு அந்நுண்ணுயிர்கள் திருப்பித் தரமாட்டாவா? தரும். உணவு தீர்ந்ததும் அவை மடியும். அவற்றின் உடலிலிருந்த தழைச்சத்து மீண்டும் அம்மோனியமாக வெளிவரும். ஆனால் அதற்குப் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் ஆகும். பருத்திச் செடிக்கோ இருபதாம் நாள் பசி. எருவின் தவணையும் பயிரின் தவணையும் ஒத்துப்போகவில்லை. பிறர் தவணை தவறுவதை ஏட்டில் சிவப்பு மையால் குறிக்கும் நமக்கு இத்தவணை மட்டும் தெரியாது போயிற்று.

இந்தூர் காட்டிய வழி

குழியிலேயே அக்கடனைத் தீர்த்துவிட்டு, பின்னர் எருவை நிலத்துக்குக் கொண்டுவருவதே கம்போஸ்ட் செய்வதன் உட்பொருள். நம் நாட்டில் இதனை முறைப்படுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். பருத்தி ஆராய்ச்சிக்காக இந்தூரில் ஏற்பட்ட நிலையத்தில் 1924 முதல் 1931 வரை அவர் பணியாற்றினார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயன அறிஞர் அவருக்குத் துணை நின்றார். பருத்தி மார் போன்ற கடினமான பொருளைப் பண்ணைப் பாதைகளில் பரப்பி வண்டிகள் மிதித்து நசுங்கச் செய்தனர். அதனைக் களை, சருகு, மூத்திரம் ஊறிய மண், சாணக் கரைசல், சாம்பல் ஆகியவற்றோடு அடுக்கினர். தொடக்கத்தில் கரிச்சத்து சுமார் 33 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருக்கும்படி கலந்து, மூன்று முறை கிளறிவிட்டு, மூன்று மாதங்களில் எரு ஆக்கினர். நெசவாளருக்கு நூல் தரும் செடியின் மாரே அச்செடிக்கு எருவாகத் திரும்பியது என்பதை நமது வாசகர்கள் கருத வேண்டும்.

நம் அங்கத்தினரும் அதே மாரைத்தான் இட்டார். ஆனால் நசுக்கவில்லை, போதிய சாணம் சேர்க்கவில்லை, கிளறவில்லை, மூன்று மாதம் பொறுக்கவுமில்லை. இவற்றில் ஒன்றையும் நாம் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆண்டுதோறும் வரும் பலன்

நன்கு மட்கிய எருவும் எல்லாச் சத்தையும் ஒரே பருவத்தில் தந்துவிடாது. ஏக்கருக்கு 5 டன் எரு, அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால், மொத்தம் 25 கிலோ. முதற் பருவத்தில் வெளிவருவது பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே. ஐந்தில் ஒன்று எனக் கொண்டால் 5 கிலோ. பாசனப் பருத்தி ரகங்களுக்கு நம் மாநிலத்தில் வேளாண் பல்கலைக்கழகம் கூறும் அளவு ஹெக்டேருக்கு 80 கிலோ, அதாவது ஏக்கருக்கு 32 கிலோ தழைச்சத்து. அதுவும் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இட்டதற்கு மேலாக. எருவை இட்டதும் யூரியாவை அடியோடு நிறுத்தச் சொன்ன நமது யோசனை எத்துணைப் பிழையானது என்பதை இக்கணக்கு காட்டும்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. மீதி 20 கிலோ மண்ணில் இருக்கிறது. அதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வெளிவருவதாகக் கொள்வோம். பத்தாண்டுகள் தவறாமல் 5 டன் இட்டு வந்தவருக்குப் பதினோராம் ஆண்டில் புதிய எருவிலிருந்து 5 கிலோவும், பழைய வைப்புகளிலிருந்து 8 கிலோவும் ஆக 13 கிலோ கிடைக்கும். வருடம் ஏற ஏற வாங்க வேண்டிய யூரியா குறையும். மண்ணின் நீர்ப்பிடிப்பும் பொலபொலப்பும் கூடுவது தனி இலாபம்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் ஆராய்ச்சிப் பண்ணையில் வாற்கோதுமை வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழு உரம் இட்டு, பிறகு நிறுத்திவிட்டனர். நூறாண்டு கழிந்த பின்னும், ஒருபோதும் எரு காணாத பக்கத்துப் பாத்தியைவிட அம்மண்ணில் தழைச்சத்து அதிகமாகவே இருந்தது. நமது வெப்ப நாட்டில் மட்கு அதனினும் விரைவில் கரையும். ஆகவே நாம் விட்டுவிட்டு இடாமல் தொடர்ந்து இடுவது இன்னும் அவசியமாகிறது.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, குழியில் பாவும் ஊடையும் சேர்க்க வேண்டும். காய்ந்த குப்பை ஒரு அடுக்கு, அதன்மேல் பசுந்தழையோ சாணக் கரைசலோ மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணோ ஒரு அடுக்கு. ஈரம், நனைத்துப் பிழிந்த துணியின் ஈரம் போல் இருத்தல் நலம். மேலே நிழல் வேண்டும். வெயிலில் காயும் சாணத்திலிருந்து அம்மோனியா காற்றோடு போய்விடும்.

இரண்டாவது, குழி மூடிய தேதியை எழுதி வைக்க வேண்டும். எரு முதிர்ந்ததா என்பதைப் பார்த்தே அறியலாம். போட்ட பொருள் இன்னதென்று அடையாளம் தெரியக் கூடாது, நிறம் கருமை, மழை பெய்த மண்ணின் வாசனை, கிளறிக் குவித்தாலும் மீண்டும் சூடேறக் கூடாது. ஐயம் இருப்பின், ஒரு தொட்டியில் அந்த எருவையும் மண்ணையும் கலந்து, இன்னொரு தொட்டியில் வெறும் மண்ணை இட்டு, இரண்டிலும் கீரை விதையைத் தூவிப் பார்க்கலாம். எருத் தொட்டியில் நாற்று வெளிறினால் எரு இன்னும் காயே.

மூன்றாவது, எருவை நிலத்தில் சிறு சிறு குவியலாகக் கொட்டி நாட்கணக்கில் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். கொட்டிய அன்றே பரப்பி, அன்றே உழுது மூடுவது நன்று. முதிர்ந்த எருவை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் இடலாம். அரைகுறையாக மட்கியதைத் தவிர்க்க முடியாமல் இட நேர்ந்தால், மண்ணில் ஈரமிருக்கும்போது விதைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே இட்டு உழுதுவிட வேண்டும்.

நான்காவது, எரு இட்ட முதலாண்டே யூரியாவை நிறுத்தக் கூடாது. மண் பரிசோதனை செய்து, பயிரின் நிறத்தைப் பார்த்து, ஆண்டுக்குச் சிறிதாகக் குறைத்து வருவதே அறிவுடைமை.

ஐந்தாவது, சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். எரு தயாரிப்பை ஊக்குவிக்கும் சங்கம், குழி நிரப்பிய தேதியையும் சேர்த்த பொருள்களையும் ஒரு பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும். நகைக் கடனுக்கு ஏடு உண்டு, உர இருப்புக்கு ஏடு உண்டு. எருவுக்கும் ஓர் ஏடு இருப்பதில் தவறில்லை.

பிற்பாடு நடந்தது

அந்த அங்கத்தினரின் பருத்திக்கு யூரியாவை இரண்டு தவணையாகப் பிரித்து இட்டு, களை கொத்தி, நீர் பாய்ச்சினார்கள். பத்து நாட்களில் குருத்து பசுமை கண்டது. எனினும் இழந்த நாட்கள் இழந்தவைதாம். மகசூல் பக்கத்துக் காட்டைவிடக் குறைந்தது. கடன் ஒன்றரை மாதம் தாமதமாகவே அடைந்தது. தவணைக்குள் கட்டியிருந்தால் நேராத வட்டியையும் அவர் கட்ட வேண்டியதாயிற்று. அவ்வட்டிக்குக் காரணம் நாமே என்பதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

பருத்திக்குப் பின் அதே காட்டில் சோளம் விதைத்தார். எருவோ உரமோ இடவில்லை. இடுப்பளவு உயர்ந்து கரும்பச்சையாக நின்றது. நாம் பார்க்கச் சென்றபோது அவர் வரப்பில் நின்றுகொண்டு, "இப்பத்தானுங்க அந்தக் கடன் திரும்பி வருது" என்றார். அவருடைய புதுக் குழி வேப்பமர நிழலில் இருந்தது. அதன் கரையில் நட்டிருந்த தகரத் துண்டில் சுண்ணாம்பால் ஒரு தேதி எழுதியிருந்தது.

நமது அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் எருக்குழியின் கரையில் அவ்வாறு ஒரு தேதியை எழுதி வைப்பார்களாக. அத்தேதியிலிருந்து மூன்று மாதம் பொறுப்பவருக்கு எரு கடன் கேட்காது.